பல குறைகள், ஒரு கதை: போராட்டங்களுக்கிடையே தோழமை உருவாகும் விதம்

நியாயம் கேட்டு எழும் இயக்கம் எதுவும் முதலில் ஒரு குறையிலிருந்துதான் தொடங்குகிறது. நிலமற்றவர் பட்டா கேட்கிறார். கரும்பு வெட்டுபவர் கூலி உயர்வு கேட்கிறார். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர் உள்ளே போகும் உரிமையைக் கேட்கிறார். மலையில் வாழ்பவர் சாதிச் சான்றிதழும் சாலையும் கேட்கிறார். ஒவ்வொரு குறைக்கும் ஒரு சங்கம், ஒரு கொடி, ஒரு கோரிக்கை மனு. கேட்பவர் தனியாக இருக்கும்வரை அந்த மனுவை மேசையில் போட்டு வைப்பது அதிகாரத்துக்கு எளிது.

சமூக நீதி இயக்கங்கள் ஒன்றோடொன்று கைகோப்பதற்கு இரண்டு தேவைப்படுகின்றன. முதலாவது பொதுக்கதை. நடந்தது என்ன, எந்த ஏற்பாடு அதற்கு இடம் கொடுத்தது, மாற வேண்டியது என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் வெவ்வேறு பிரிவினர் ஒப்புக்கொள்ளும் ஒரே விடை அது. இரண்டாவது தோழமை. தனக்கு நேரடி ஆதாயம் இல்லாத இடத்திலும் இன்னொருவரின் நியாயத்துக்காக நேரத்தையும் பணத்தையும் பெயரையும் கொடுக்க முன்வருவது அது. பொதுக்கதை இல்லாத தோழமை ஒருநாள் ஆர்ப்பாட்டத்தோடு முடிந்துவிடும். தோழமை இல்லாத பொதுக்கதை துண்டறிக்கையோடு நின்றுவிடும்.

கள்ளக்குறிச்சி மாவட்டமும் அதைச் சூழ்ந்த வட தமிழகமும் இதைப் புரிந்துகொள்ள ஏற்ற நிலப்பகுதி. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர், சமவெளியில் இருளர், குறவர், தலித் விவசாயக் கூலிகள், சிறு விவசாயிகள் எனப் பல பிரிவினர் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். இவர்களின் குறைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. இவர்களுக்கிடையே தோழமை உருவான தருணங்களும் உருவாகத் தவறிய தருணங்களும் இந்தப் பகுதியின் வரலாற்றில் உண்டு.

திருநாவலூரிலிருந்து ஒரு பட்டியல்

வெவ்வேறு நிலைகளில் உள்ளவர்களை ஒரே வரிசையில் நிறுத்திச் சொல்லும் மரபு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகை, அறுபதுக்கும் மேற்பட்ட தனியடியார்களையும் ஒன்பது தொகையடியார்களையும் பெயர் சொல்லி வணங்குகிறது. மண்பாண்டம் செய்த திருநீலகண்டர், வேட்டுவரான கண்ணப்பர், மீனவரான அதிபத்தர், துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டர், பாணரான திருநீலகண்ட யாழ்ப்பாணர், காரைக்கால் அம்மையார், திருநாளைப்போவார் என்ற நந்தனார் ஆகியோர் அரசர்களோடும் அந்தணர்களோடும் அதில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அந்தப் பெயர்களை விரித்துப் பெரியபுராணம் ஆக்கினார்.

பெயர் வரிசை சமமாக இருந்தாலும் ஊர் சமமாகிவிடவில்லை. நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பிறகே தில்லைக் கோயிலுக்குள் போக முடிந்ததாகப் புராணம் சொல்கிறது. அவர் பிறந்த சமூகத்தவர் அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் வெளியில்தான் நின்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் அந்தக் கதையையே கையில் எடுத்து, நந்தனார் பெயரில் கல்வி நிறுவனம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பக்திக் கதையாக இருந்தது கல்வி உரிமையின் கதையானது. எல்லோரும் அறிந்த கதை ஒன்றில் இதுவரை ஓரத்தில் இருந்தவர் தம் நியாயத்தைப் பேசத் தொடங்கும்போது, கேட்பவர்களால் அதை அந்நியமானது என்று தள்ளிவிட முடிவதில்லை.

வைக்கம்: யார் துணைக்கு வரலாம்?

ஒருவரின் போராட்டத்துக்கு யார் துணைக்கு வரலாம் என்ற கேள்வி நவீன காலத்தில் கூர்மையாக எழுந்த இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வைக்கம். அங்குள்ள மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவர், புலையர் உள்ளிட்ட பிரிவினர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று சத்தியாகிரகம் தொடங்கியது. டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் முதலியோர் முன்னணியில் இருந்தார்கள். தலைவர்கள் அடுத்தடுத்துக் கைதானதும் தமிழ்நாட்டிலிருந்து பெரியார் அழைக்கப்பட்டார். அவர் இருமுறை சிறை சென்றார். அவருடைய மனைவி நாகம்மையார் உள்ளிட்ட பெண்கள் களத்தில் இறங்கினார்கள். பஞ்சாபிலிருந்து வந்த அகாலி சீக்கியர்கள் சத்தியாகிரகிகளுக்கு உணவுச்சாலை நடத்தினார்கள்.

இது இந்துக்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று காந்தி கருதினார். கிறித்தவரான ஜார்ஜ் ஜோசப் ஒதுங்கி இருக்க வேண்டும் என்றார். சீக்கியர்களின் உணவுச்சாலையும் அவர் அறிவுரையால் மூடப்பட்டது. தவறு செய்த சமூகமே தன் தவறைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. தெருவில் நடக்கும் உரிமை மனித உரிமை, அதற்கு எவரும் குரல் கொடுக்கலாம் என்று மற்றவர்கள் எண்ணினார்கள். பாதிக்கப்பட்டவர் மட்டுமா, தவறு செய்தவரின் சமூகமுமா, வெளியாருமா என்ற இந்த விவாதம் இன்றும் ஒவ்வொரு கூட்டியக்கத்திலும் எழுகிறது.

வைக்கம் இரண்டு வழிகளையும் சோதித்துப் பார்த்தது. 1924 நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் உயர்சாதியினரின் ஊர்வலம் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வரை நடந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து டாக்டர் எம்.இ. நாயுடு இன்னொரு ஊர்வலத்தை நடத்திச் சென்றார். சாதியின் பெயரால் தமக்குக் கிடைத்த சலுகையை எதிர்த்துத் தாமே நடந்தவர்கள் இவர்கள். ஆனாலும் தெருக்களை எல்லோருக்கும் திறக்கக் கோரிய தீர்மானம் 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டசபையில் ஒரே வாக்கில் தோற்றது. அந்த ஆண்டு நவம்பரில் போராட்டம் முடிந்தபோது கோயிலைச் சுற்றிய தெருக்களில் மூன்று பக்கம் மட்டுமே திறந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்றுதான் வந்தது. மூன்று பக்கம் திறந்ததோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் மீதி வந்திருக்காது.

வாச்சாத்தி: ஒரு மலையடிவார ஊரின் வழக்கு

கல்வராயன் மலைக்கு மேற்கே தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில் அரூர் வட்டத்தைச் சேர்ந்த வாச்சாத்தி. இரு மலைகளிலும் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினரே. 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினருக்கும் ஊராருக்கும் ஏற்பட்ட தகராறை அடுத்து, கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தனர். பிற்பாடு குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் 269 பேர். ஊர் மக்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. கால்நடைகள் கொல்லப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், சிறையில் அடைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் மலையில் ஒளிந்து வாழ்ந்தார்கள்.

அன்று அதிகாரத்தின் கையில் ஆயத்தமான ஒரு கதை இருந்தது: இவர்கள் சந்தனம் கடத்துபவர்கள், வீரப்பன் காலத்துக் காட்டில் நடந்த சட்ட நடவடிக்கை இது, புகார் அத்தனையும் பொய். நாளிதழ் படிப்பவர்களுக்கு அது நம்பும்படியாகவே இருந்தது. அதற்கு எதிரான கதை கிராமத்துப் பெண்களின் நாவில் மட்டும் இருந்தது. அதைக் கேட்கக் காது வேண்டியிருந்தது.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அந்தக் காதாக இருந்தது. அதன் பொதுச் செயலாளராக இருந்த பெ. சண்முகமும் உள்ளூர்த் தோழர்களும் செய்தி அறிந்து ஊருக்குச் சென்று வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் மைதிலி சிவராமன் பாதிக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களைக் கேட்டுப் பதிவு செய்தார். தேசிய தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி நேரில் விசாரித்து, புகாரில் உண்மை இருப்பதாக அறிக்கை அளித்தார். 1995இல் உயர் நீதிமன்றம் விசாரணையை மத்திய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

இவர்கள் ஒவ்வொருவரும் தம் கையில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்துக்கு ஊரின் நம்பிக்கை இருந்தது. ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் சொல்ல முடியாததைச் சொல்வதற்கான இடத்தை மாதர் சங்கம் தந்தது. வழக்கறிஞர்களுக்குச் சட்டம் தெரியும். சட்டமன்றத்திலும் தெருவிலும் கேள்வி எழுப்பக் கட்சியால் முடியும். ஆணையத்தின் அறிக்கைக்கு அரசு ஆவணம் என்ற எடை உண்டு. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் வழக்கு முன்பே சரிந்திருக்கும்.

பெண்ணுரிமை இயக்கம் மட்டும் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அது பாலியல் குற்றமாக மட்டும் நின்றிருக்கும். பழங்குடி இயக்கம் மட்டும் சொல்லியிருந்தால் நிலம், காடு பற்றிய தகராறாகச் சுருங்கியிருக்கும். நடந்ததோ பழங்குடியாகவும் பெண்ணாகவும் ஏழையாகவும் காட்டோரத்தில் வாழ்பவராகவும் ஒரே சமயத்தில் இருந்தவர்களுக்கு எதிரான கொடுமை. இப்படிப்பட்ட நிலையை விளக்கவே அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் தொடர்ந்த வழக்கில், இனப் பாகுபாடு, பாலினப் பாகுபாடு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க நீதிமன்றம் மறுத்ததை அவர் எடுத்துக்காட்டினார். நிறுவனம் கறுப்பின ஆண்களையும் வெள்ளைப் பெண்களையும் வேலைக்கு வைத்திருந்ததால், இரண்டு அடையாளமும் கொண்ட பெண்களின் குறை சட்டத்தின் கண்ணில் படாமல் போயிற்று. வாச்சாத்தியில் அந்தப் பிழை நேராமல் பார்த்துக்கொண்டது பல இயக்கங்களின் கூட்டு.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டார்கள். அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே சென்று பார்வையிட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும், அன்றைய மாவட்ட உயரதிகாரிகள் மீது நடவடிக்கையும் வேண்டும் என்று உத்தரவிட்டார். உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்ற ஊர் மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்பதை அவர் தீர்ப்பு பதிவு செய்தது. கடத்தல்காரர்களின் ஊர் என்ற பழைய கதை அங்கே முறிந்தது.

கொடுமைக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, பேருந்தேறிச் சென்று கூண்டில் நின்று அதே கதையை அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் கடைசிவரை பிறழவில்லை. துணை நின்ற அமைப்புகள் கடைசிவரை விலகவில்லை. மேடையில் பேசும் தோழமையைவிட இந்த ஓசையற்ற உழைப்பே வழக்கைத் தாங்கியது.

சமவெளியின் அனுபவம்

கிழக்கே விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் இன்னொரு மாதிரி உருவானது. 1993இல் அத்தியூரைச் சேர்ந்த இளம் இருளர் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையில் புதுச்சேரிக் காவலர்கள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் பிரபா கல்விமணியும் மனித உரிமை ஆர்வலர்களும் அந்தக் குடும்பத்தோடு நின்றார்கள். அந்த அனுபவத்திலிருந்து 1996இல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. கீழமை நீதிமன்றம் அளித்த தண்டனை உயர் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. ஆனாலும் சங்கம் நிலைத்தது. சாதிச் சான்றிதழ், குடிமனைப் பட்டா, கொத்தடிமை மீட்பு, பொய் வழக்கிலிருந்து பாதுகாப்பு எனப் பல குறைகளுக்கு இருளர்கள் வந்து நிற்கும் வாசலாயிற்று. தீர்ப்பு சாதகமாக வராத வழக்கும் அமைப்பை விட்டுச்செல்லக்கூடும் என்பதற்கு அது சான்று.

அதே 1993இல் விருத்தாசலம் அருகே முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்தில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார். அவருடைய மனைவிக்காக வழக்கறிஞர் கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். உள்ளூர் கம்யூனிஸ்ட் தோழர்கள் சாட்சிகளைப் பாதுகாத்தார்கள். 2021இல் த.செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ திரைப்படம் இந்த வழக்கைப் பல மொழிகளில் உலகெங்கும் கொண்டு சென்றது. காவல் நிலையச் சித்திரவதை, பழங்குடியினருக்குச் சான்றிதழ் மறுக்கப்படும் கொடுமை ஆகியவற்றைப் பற்றி இதுவரை கேட்டறியாத வீடுகளிலும் பேச்சு எழுந்தது.

அதே படம் பொதுக்கதையின் ஆபத்து ஒன்றையும் வெளிக்காட்டியது. ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படத்தில் அந்தக் குடும்பம் இருளர் குடும்பமாகக் காட்டப்பட்டது. இருளர்களின் துயரமும் உண்மையானதுதான். ஆயினும் தங்களுக்கு நடந்தது வேறொரு பெயரில் சொல்லப்படுவதைப் பார்த்த குறவர் சமூகத்தவருக்கு வருத்தம் ஏற்பட்டதில் நியாயம் உண்டு. பல கதைகளை ஒன்றாக்கும்போது சிலருடைய முகம் மறைந்துவிடக்கூடும். கூட்டியக்கங்கள் ஒருபோதும் மறக்கக் கூடாத எச்சரிக்கை இது.

கடல் கடந்த இரண்டு எடுத்துக்காட்டுகள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டெலானோ என்னும் ஊரைச் சுற்றிய திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோ தொழிலாளர்களும் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களும் வேலை செய்தார்கள். ஒரு பிரிவினர் வேலைநிறுத்தம் செய்தால் முதலாளிகள் மற்றவரைக் கொண்டு அதை முறிப்பது வழக்கம். 1965 செப்டம்பர் 8 அன்று லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோக்கள் வேலையை நிறுத்தினார்கள். எட்டு நாள் கழித்து சீசர் சாவேஸ், டொலோரஸ் ஹுவர்ட்டா ஆகியோரின் மெக்சிகோ வம்சாவளிச் சங்கம் அவர்களோடு சேர வாக்களித்தது. அடுத்த ஆண்டு இரு சங்கங்களும் இணைந்தன. திராட்சை வாங்காதீர்கள் என்று நகரத்துக் குடும்பங்களிடம் அவர்கள் வேண்டியது நாடெங்கும் பரவ, 1970இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆனால் பிற்காலத்தில் இந்த வரலாறு சொல்லப்பட்டபோது முதலில் வேலையை நிறுத்திய பிலிப்பினோக்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். அவர்கள் பெயரை மீட்கும் வேலை இன்றும் நடக்கிறது.

அந்தச் சங்கத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய மார்ஷல் கான்ஸ், பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயக்கக் கதை சொல்லலைப் பாடமாக்கினார். ‘நான் ஏன் இங்கு வந்தேன், நம்மை இணைப்பது எது, இப்போது செய்ய வேண்டியது என்ன’ என்ற மூன்று அடுக்குகள் அந்தப் பாடத்தில் உண்டு. முதல் அடுக்கு இல்லாமல் இரண்டாவதற்குத் தாவினால் பேச்சு வெறும் முழக்கமாகிவிடும். மூன்றாவதை விட்டுவிட்டால் கேட்டவர்கள் கண்கலங்கிவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

இரண்டாவது எடுத்துக்காட்டு பிரிட்டனிலிருந்து. 1984-85இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஓராண்டு வேலைநிறுத்தத்தின்போது, லண்டனின் தன்பாலீர்ப்பாளர்கள் குழு ஒன்று நிதி திரட்டித் தெற்கு வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்கில் இருந்த சுரங்கக் குடும்பங்களுக்குக் கொடுத்தது. இரு தரப்புக்கும் அதுவரை பழக்கமே இல்லை. காவல்துறையின் தடியடியும் பத்திரிகைகளின் இழிசொல்லும் இருவருக்கும் பொது என்பதே அவர்களைச் சேர்த்தது. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1985இல் லண்டனில் நடந்த தன்மதிப்புப் பேரணியில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கப் பதாகைகளோடு முன்வரிசையில் நடந்தார்கள். அந்த ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பாளர் உரிமைத் தீர்மானம் நிறைவேற சுரங்கத் தொழிலாளர் சங்கம் துணை நின்றது.

எப்படிக் கட்டப்படுகிறது, எங்கே உடைகிறது

இத்தனை அனுபவங்களிலும் சில பொதுவான படிகள் தெரிகின்றன. முதல் படி கேட்பது. உண்மை அறியும் குழு என்று தமிழகத்தில் வழங்கும் நடைமுறை அதற்காகவே உருவானது. வழக்கறிஞர், ஆசிரியர், எழுத்தாளர், மாதர் அமைப்பினர் சேர்ந்து சம்பவ இடத்துக்குப் போய், பாதிக்கப்பட்டவர், எதிர்த்தரப்பு, அதிகாரி எல்லோரையும் கேட்டு அறிக்கை வெளியிடுகிறார்கள். அந்த அறிக்கையில் ஒரு தவறான எண் இருந்தால்கூட முழுக் கதையையும் பொய் என்று தள்ள எதிர்த்தரப்புக்கு வழி கிடைத்துவிடும். எனவே உணர்ச்சி எவ்வளவு இருந்தாலும் விவரத்தில் கறார் வேண்டும்.

அடுத்தது பொதுக் கோரிக்கை. கூட்டமைப்பில் உள்ள பத்து அமைப்புகளும் தத்தம் பத்துக் கோரிக்கைகளைச் சேர்த்தால் நூறு கோரிக்கை கொண்ட மனு உருவாகும். அதில் எதற்கும் அழுத்தம் இருக்காது. எல்லோரும் ஒப்பும் ஒன்றிரண்டை முன்வைத்து, மற்றவற்றை அந்தந்த அமைப்பு தனியே தொடர்வது நடைமுறையில் பலன் தந்திருக்கிறது. வைக்கத்தில் கோயில் நுழைவைக் கேட்காமல் தெருவை முதலில் கேட்டது அப்படித்தான். அதில் இழப்பும் உண்டு. தள்ளிவைக்கப்பட்ட கோரிக்கை எப்போதும் மிகவும் கீழே உள்ளவருடையதாகவே இருந்தால் அது தோழமை ஆகாது.

மூன்றாவது, யார் பேசுவது என்ற ஒழுங்கு. பாதிக்கப்பட்டவர் மேடையில் அழுவதற்கு மட்டும் அழைக்கப்பட்டு, தீர்வைப் பற்றி வேறொருவர் பேசும் வழக்கம் பல கூட்டங்களில் உண்டு. கல்வராயன் மலைப் பெண்ணுக்குத் தன் ஊருக்கு எந்த இடத்தில் பாலம் வேண்டும் என்பது மாநிலத் தலைவரைவிட நன்றாகத் தெரியும். அவர் பேசுவதற்கு நேரமும், கூட்டத்துக்கு வந்து போகப் பேருந்துச் செலவும், அன்றைய கூலிக்கு ஈடும் கொடுப்பது தோழமையின் அடிப்படைக் கணக்கு.

உடையும் இடங்களும் தெரிந்தவையே. ஒடுக்கப்பட்ட பிரிவினருக்குள்ளேயே படிநிலை இருக்கிறது. அம்பேத்கர் இதைப் படிநிலைப்படுத்தப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று விளக்கினார். ஒவ்வொரு சாதிக்கும் கீழே இன்னொரு சாதி இருப்பதால், எல்லோரும் சேர்ந்து மேலே உள்ளதை எதிர்க்கும் உந்துதல் குன்றுகிறது. விவசாயிகளின் போராட்டத்தில் நிலவுடைமையாளரும் கூலியும் ஒரே கொடியின் கீழ் நின்றாலும், போராட்டம் முடிந்து ஊருக்குத் திரும்பினால் தனிக்குவளை காத்திருக்கும். அதைப் பற்றிப் பேச மறுக்கும் ஒற்றுமை நீடிக்காது. தேர்தல் கணக்கு, யாருக்குப் பெயர் கிடைக்கிறது என்ற போட்டி, வெளியிலிருந்து வரும் நிதியின் நிபந்தனைகள் ஆகியவையும் கூட்டமைப்புகளைக் கலைத்திருக்கின்றன.

கல்வராயன் மலையும் சமவெளியும்

கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1976இல்தான் அந்த ஆளுகை முடிந்து அரசின் நேரடி நிர்வாகம் வந்தது. சாலை, மருத்துவமனை, பள்ளி, நில உரிமை எல்லாமே சமவெளியைவிடத் தாமதமாகவே மலையேறின. வேலை தேடி வெளி மாநிலங்களுக்குப் போவது பல குடும்பங்களின் வழக்கமாயிற்று. செம்மரம் வெட்டக் கூலியாகப் போனவர்களின் கதி எப்படி முடியும் என்பதை 2015 ஏப்ரல் 7 காட்டியது. அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 கூலித் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அப்போது ஆந்திராவின் குடிமை உரிமை அமைப்பினரும் தமிழக மனித உரிமை அமைப்பினரும் மொழி எல்லையைத் தாண்டி நீதி கேட்டார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அதை ஒட்டிக் கல்வராயன் மலையைச் சாராய மலை என்று சித்திரிக்கும் பேச்சு மீண்டும் எழுந்தது. அந்த மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், கல்வி, பிழைப்பு ஆகியவற்றின் நிலை என்ன என்று அரசிடம் கேட்டது. மலையின் வறுமையும் சமவெளிக் கூலியின் மரணமும் ஒரே புறக்கணிப்பின் இரு முனைகள் என்ற கதையைச் சொல்ல இது இடம் தந்தது. மலைவாசிகளையும் கருணாபுரத்து விதவைகளையும் ஒருவரையொருவர் பழிசொல்ல விடாமல் ஒரே கோரிக்கையில் நிறுத்தக்கூடிய கதை இது.

மலையாளிகளிடம் ஏற்கெனவே ஒரு பொதுக்கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்று சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை மக்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். மலைகள் வேறானாலும் வேர் ஒன்று என்ற நினைவு அதில் இருக்கிறது. அரசின் பட்டியலோ மாவட்ட எல்லையைப் பார்த்தது. அதனால் ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் மலையாளிகளுக்குப் பழங்குடித் தகுதி கிடைக்கவில்லை. தகுதி பெற்ற மலைகளின் மக்கள் அவர்களுக்காகவும் குரல் கொடுப்பது தோழமையின் மிக இயல்பான வடிவம்.

கதையைச் சட்ட ஆவணமாக்கும் வழியும் இருக்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. அந்தச் சொற்களை வென்றெடுத்தது இந்தியாவெங்கும் உள்ள பழங்குடி இயக்கங்களின் கூட்டு முயற்சி. இந்தச் சட்டத்தின்படி உரிமைக் கோரிக்கையை முதலில் ஏற்று ஆராய்வது கிராம சபை. அது அமைக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்கள் இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழி வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்தால் அது சான்றாக ஏற்கப்படும். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர் தன் பாட்டன் எந்த ஓடையோரம் சாமை விதைத்தார் என்று சொல்வதும் இங்கே ஆவணம்.

படிவத்தை நிரப்பத் தெரிந்த மாணவர், வரைபடம் வரையத் தெரிந்த ஆசிரியர், மேல்முறையீடு செய்யத் தெரிந்த வழக்கறிஞர், கிராம சபையில் பெண்களைப் பேசவைக்கத் தெரிந்த மாதர் சங்கம், அலுவலகத்தின் முன் உட்காரத் துணியும் விவசாயத் தொழிலாளர் சங்கம் ஆகிய அத்தனை பேருக்கும் இந்த வேலையில் இடமுண்டு. வாச்சாத்தியில் கைகூடியதும் இதே சேர்க்கைதான். சொல்பவர் பாதிக்கப்பட்டவராகவே இருக்க, ஒவ்வொரு இயக்கமும் தன்னால் இயன்றதைக் கொடுத்து, முடிவு வரும்வரை விலகாமல் நிற்கும்போது தனித்தனிக் குறைகள் ஒரே நியாயமாகின்றன.